முகப்பு விளக்குக்கு வைத்த பொட்டு

மாமா,

நேற்று உங்கள் மகன் வண்டி எடுத்தான். ஷோரூமில் புது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டச் சொன்னார்கள். பழம் நசுங்கிய வாசமும், குழைத்த சந்தனத்தின் வாசமும், புது ரப்பர் வாசமும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறின. அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, சுகர் எறங்கிருச்சா?" என்று ஓடி வந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது என்றாலும் சுகர்தான்.

காடு, மலை, ஆற்றுமணல் எல்லாம் ஏறுமாம் அந்த வண்டி. அட்வெஞ்சர் பைக் என்று பெயராம். அதில் லடாக் போகப் போகிறானாம். உசிலம்பட்டியில் பிறந்தவனுக்கு அங்கே என்னடா சோலி என்று கேட்டேன், சிரித்தான். சிரித்தால் அப்படியே உங்கள் பல்வரிசை. "புக் பண்ணி மாசக்கணக்கா காத்துக் கெடந்தேன்மா" என்று அலுத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் காத்துக்கிடந்த கதை அவனுக்கு எங்கே தெரியும்?

அப்போதுதான் அந்த ஷோரூம் பெண் சந்தனக் கிண்ணத்தோடு வந்தது. மூன்று விரலையும் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு, குனிந்து, வண்டியின் முகப்பு விளக்குக்கு நேராகக் கையைக் கொண்டுபோனது. நான் எழுந்துவிட்டேன். அங்கே என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களோடு பேச வேண்டியது கிடக்கிறது. நீங்கள் இருந்தவரைக்கும் நாம் இரண்டு பேரும் அதை முழுசாக வாயால் பேசியதே இல்லை.

நீங்கள் அந்த வண்டிக்குப் பேர் கொடுத்தபோது நமக்குக் கல்யாணமே ஆகவில்லை. "வண்டி புக் பண்ணிருக்காரு மாப்பிள்ள" என்றுதான் என் வீட்டில் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, வண்டியைத்தான் காணோம். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு ஒரு ஓட்டை சைக்கிள். அதை மிதித்துக்கொண்டு எழுமலைப் பக்கம், வாலாந்தூர்ப் பக்கம், கண்மாய்க்கரை, காட்டுப்பாதை என்று அலைவீர்கள். தார் ரோட்டு வண்டிகள் அங்கே செல்லாது, மண் ரோட்டுக்கென்றே செய்தது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். சைலன்ஸர் மேலே தூக்கி, மட்கார்டு சக்கரத்தை விட்டு எட்டி நிற்கிற வண்டி. படத்தைப் பார்த்துவிட்டு, கோபம் வந்த கோழி மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

ஆசைக்காக நீங்கள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் வந்து, தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். கன்று குறுக்கே விழுந்து ஒரு மாடு கிடந்து துடித்திருக்கிறது. நீங்கள் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் தாயும் போயிற்று, கன்றும் போயிற்று. "ஒரு வண்டி இருந்தா ரெண்டு உசுரும் பொழச்சிருக்கும் புள்ள" என்றீர்கள். உசுரைக் காப்பாற்றத்தான் அந்த வண்டியைக் கேட்டீர்கள்.

வண்டி வந்துவிட்டது என்று மதுரையிலிருந்து கார்டு வந்தபோது ஆடி பிறந்திருந்தது. என் வயிற்றில் இப்போது வண்டி எடுத்திருக்கிற இந்தப் பயல் இருந்தான். ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா என்று அத்தை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்கள். நீங்கள் அசைந்து கொடுக்கவில்லை. "இந்த மாசம் எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவான். ஆடியாவது ஆவணியாவது, போங்கம்மா" என்று சட்டையை மாட்டினீர்கள்.

அத்தை உங்களுக்குத் தெரியாமல் குறி சொல்கிற கோடாங்கியிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். அந்த ஆள் உடுக்கையை அடித்து அடித்து நிறுத்திவிட்டு, என் வயிற்றைப் பார்த்தபடி சொன்னான்: "இரும்பு வருது தாயி. வர்றப்பவே பசியோட வருது. ஒரு உசுரக் குடுத்து அடக்கிப்புடுங்க. இல்லன்னா அதுவா எடுத்துக்கிரும்." நான் வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் ஒப்பித்துவிட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பசிச்சா பெட்ரோல் ஊத்துறேன். இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். நான் சிரிக்கவில்லை.

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடை. நீங்கள், நான், அத்தை, உங்கள் சித்தப்பா நான்கு பேரும் போனோம். சித்தப்பா முந்தின நாளே ஒரு கறுப்புக் கிடாயை வாங்கிக் கொண்டுவந்து மதுரையில் கட்டிப் போட்டிருந்தார். வண்டியை வெளியே உருட்டிக்கொண்டு வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். நம் கல்யாணத்தில்கூட நீங்கள் அப்படி இருக்கவில்லை, போங்கள். டேங்கைத் தடவுகிறீர்கள், ஹாண்டிலைத் தடவுகிறீர்கள், யாரும் பார்க்காதபோது முகர்ந்தும் பார்த்தீர்கள். அங்கேயிருந்து நேராகப் பாண்டி கோயிலுக்குப் போனோம்.

புள்ளத்தாச்சி வெட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று என்னைத் தள்ளி ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். ஆனால் எல்லாம் காதில் விழுந்தது. கிடாய்க்கு மாலை போட்டு, வண்டிக்கு முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தான். கிடாய் உடம்பை ஒரு உதறு உதறித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, வெட்டலாம் என்று அர்த்தம். அது துலுக்கவில்லை. காதில் ஊற்றினார்கள். முதுகில் ஊற்றினார்கள். சித்தப்பா குடத்தோடு தலையில் கவிழ்த்தார். அது கல்லு மாதிரி நின்றுகொண்டு உங்களையே பார்த்ததாம். பூசாரி அரிவாளைத் தாழ்த்திக்கொண்டார்.

"சும்மா வெட்டுங்கண்ணே. வெயிலு ஏறுது" என்று சித்தப்பா கத்தினார்.

"வேணாம் சித்தப்பா. அதுக்கு இஷ்டமில்ல. விடுங்க" என்றீர்கள் நீங்கள்.

"ஆட்டுக்கு என்னடா இஷ்டம்?"

"அப்பறம் எதுக்கு இம்புட்டு நேரமாத் தண்ணி ஊத்திக் கேக்குறீங்க?"

நீங்கள் கிடாயின் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். அந்தக் கிடாயின் மேலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, உங்கள் மேலே ஆசையும் வந்தது. அத்தை மட்டும் வண்டியைப் பார்த்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

என்னை வண்டியில் ஏற்ற அத்தை விடவில்லை. நீங்கள் வண்டியில் முன்னால் போக, நாங்கள் கிடாயோடு பஸ்ஸில் பின்னால் வந்தோம். கண்டக்டர் கிடாய்க்கு டிக்கெட் போடுவதா லக்கேஜ் போடுவதா என்று சண்டை பிடித்தான். எனக்கு டிரைவருக்குப் பின் சீட்டு. கண்ணாடி வழியாக உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். காளவாசல் தாண்டி, நாகமலை தாண்டி, செக்கானூரணி வரைக்கும் தெரிந்தீர்கள். ஒரு லாரி குறுக்கே புகுந்து மறைத்துவிட்டது. கருமாத்தூர் தாண்டித்தான் மறுபடி உங்களைக் கண்டேன். அதுவரைக்கும் அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்திருந்தது. உடைந்ததைப் பார்த்ததும் அத்தை அவசரமாக அதைப் பொறுக்கி மடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் சிரிப்பில்லை. முற்றத்தில் ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் அந்தக் கிடாய். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் கிடாயைப் பார்த்து, "இது இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியைப் பார்ப்பார்கள். பிறகு உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் கிளம்பிப் போனால் திரும்பி வருகிறவரைக்கும் அத்தை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வாசலில் நின்று, "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது சாமி, எம்புள்ளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் என் வயிற்றில் பிள்ளை புரளும். எனக்கு இருந்த பயத்தை அவன் குடித்துத்தான் வளர்ந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அத்தை வண்டிக்குப் பூசை போட்டார்கள். சும்மா ஒரு பொட்டா வைத்தார்கள்? முகப்பு விளக்கின் கண்ணாடியில் கை நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்துவார்கள். அதை யாரும் துடைக்கக் கூடாது, தானாகக் காய்ந்து உதிர வேண்டும். அது உதிர்வதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடும். பழைய சந்தனத்து மேலே புதுச் சந்தனம் ஏறும்.

"அம்மா, கண்ணாடிய விட்டுட்டு வேற எங்கயாச்சும் வையுங்களேன். வெளிச்சம் மங்குது" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

"நெத்தியில வைக்காம முதுகுலயாடா பொட்டு வைப்பாக?" என்றார்கள் அத்தை. அவர்கள் கண் கலங்கியிருந்தது. நீங்கள் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். கோடாங்கியைப் பார்த்துச் சிரித்தவர், கிடாயைக் கேள்வி கேட்டு மீட்டவர், பெற்றவள் கண்ணீருக்கு முன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல் போய்விட்டீர்கள்.

கார்த்திகை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு நிறைமாசம். மத்தியானம் தூறிவிட்டு விட்டிருந்தது. பொழுது சாயும்போது, வாலாந்தூர்ப் பக்கம் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்ததும் கிளம்பினீர்கள். அத்தை அப்போதுதான் புதுப் பொட்டு வைத்து முடித்திருந்தார்கள். ஈரச் சந்தனத்தோடு வண்டி போயிற்று.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு ஆள் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "கம்பவுண்டர் வண்டி அடிச்சிருச்சாம்" என்றான். யாரை யார் அடித்தது என்று கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை. அத்தை அப்படியே சரிந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை மாமா. எதிர்பார்த்த ஆள் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

ராத்திரி வெகுநேரம் கழித்து நீங்களே நடந்து வந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்விட்டு வந்திருந்தீர்கள். சட்டையெல்லாம் ரத்தம், அதில் ஒரு சொட்டுகூட உங்களுடையது இல்லை. புல்லுக்கட்டோடு கண்மாய்க்கரையில் நடந்து வந்த மலைச்சாமி என்கிற ஆளுடையது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே உங்கள் மடியில் உயிர் போய்விட்டது. அத்தை எழுந்து வந்து உங்கள் தலை, தோள், கை, கால் என்று தடவிப் பார்த்தார்கள். எங்கும் ஒரு கீறல் இல்லை என்றதும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"காவு வாங்கிருச்சுடா... வாங்கிருச்சு. இனிமே எம்புள்ளைக்குப் பயமில்ல."

சித்தப்பாவும் தலையை ஆட்டினார். "வந்த வெனை வெளிய போயிருச்சு. விடு."

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். உங்களை உயிரோடு பார்த்தவளுக்கு மூச்சு வராமல் எப்படி இருக்கும்? நீங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள். என் முகத்தையும் பார்த்தீர்கள். பிறகு கிடாய் கட்டியிருந்த பக்கம் பார்த்துவிட்டு, சத்தமே போடாமல் கேட்டீர்கள்:

"அப்ப அந்த ஆளு யாரு? கிடாயா? அவன்கிட்ட யாராச்சும் தண்ணி தெளிச்சுக் கேட்டீங்களா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் காவு என்ற சொல்லைச் சொன்னதில்லை.

மறுநாள் வண்டி கிடந்த இடத்துக்குப் போய் அதைத் தள்ளிக்கொண்டே வந்தீர்கள். எல்லோரும் மலைச்சாமி எழவுக்குப் போயிருந்த நேரம், நானும் நீங்களும் மட்டும்தான் வீட்டில். முற்றத்தில் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினீர்கள். எரிந்தது. சந்தனத்துக்குள்ளிருந்து சேறு கலந்த மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம் கொஞ்சம் தரையில் விழுந்தது. "பக்கத்துல வந்த பெறகுதான் புல்லுக்கட்டு தெரிஞ்சுச்சு புள்ள" என்றீர்கள். தோளில் கிடந்த துண்டை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தீர்கள். நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தீர்கள். "அம்மாகிட்ட வாய விட்டுறாத. அது தாங்காது" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அத்தை கண்ணை மூடுகிறவரைக்கும் அவர்களுக்குத் தெரியாது. தன் பொட்டுத்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

பதினாறு முடிந்ததும் மலைச்சாமி வீட்டுக்குப் போனோம். அதற்குள் பிறந்திருந்த கைப்பிள்ளையோடு வரக்கூடாது என்று எல்லோரும் தடுத்தும் நான் வந்தேன். மலைச்சாமி சம்சாரம் வாசலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சிவலைப் பசு. அதற்குத்தான் அவர் புல் அறுக்கப் போயிருந்தார். அந்த அம்மா உங்களைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டது: "லைட்டுப் போடலையா சாமி?"

நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம். பல்பு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அது நம்பியிருக்கும். "போட்டேன் ஆத்தா. எரிஞ்சுச்சு. கண்ணாடிய மறைச்சுச் சந்தனம் இருந்துச்சு. நான் தொடைக்கல" என்றீர்கள். அத்தையின் பெயரை எடுக்கவே இல்லை. அந்த அம்மா என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று திரும்பும்போது சொன்னீர்கள்.

அப்புறம் அந்தச் சிவலைப் பசுவுக்கும், அதன் கன்றுக்கும், கன்று போட்ட கன்றுக்கும் நீங்கள்தான் வைத்தியம். கதவு திறக்க வருஷங்கள் ஆயிற்று. திறக்காத காலத்திலும் கொட்டத்தில் மாட்டைப் பார்த்துவிட்டு வருவீர்கள். கிடாயைச் சித்தப்பா விற்கக் கேட்டார், நீங்கள் கொடுக்கவில்லை. அது கிழடாகித் தானாகத்தான் செத்தது. வண்டியையும் விற்கவில்லை. மாடுகள் கன்று போடுவது நிற்குமா? ஆனால் ஒருநாளும் கண்ணாடியைத் துடைக்காமல் வண்டியைக் கிளப்பியதில்லை. பட்டப்பகலாக இருந்தாலும் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுப்பீர்கள், துடைப்பீர்கள், எட்டி நின்று பார்ப்பீர்கள், மறுபடியும் துடைப்பீர்கள். கோடாங்கி சொன்ன இரும்பு உங்களைத் தொடவே இல்லை. காய்ச்சல் கண்டு, கட்டிலில் கிடந்து, என் கையில் கஞ்சி குடித்துத்தான் போனீர்கள். கடைசி நாளில்கூட உங்கள் கை போர்வையை ஓரத்தில் பிடித்துத் துடைத்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் ஏதோ நினைவு தப்பிவிட்டது என்றாள். எனக்குத் தெரியும் மாமா.

அந்த மஞ்சள் துணி என் பையில்தான் இருக்கிறது. நேற்று ஷோரூமுக்கும் எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பெண் மூன்று விரலால் விளக்கில் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து முடித்ததுதான் தாமதம், நான் போய்த் துடைத்துவிட்டேன். ஷோரூமே திரும்பிப் பார்த்தது. மருமகள் முகம் செத்துவிட்டது. "ஐயோ அம்மா, அது பொட்டும்மா" என்று அந்தப் பெண் பதறியது.

"தெரியும் தாயி. டேங்குல வையி. சாமி அங்க இருந்தும் பாப்பாரு" என்றேன்.

உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு ஒனக்கு?" என்றான். அவனிடம் முழுசையும் சொல்ல நேற்று எனக்குத் தெம்பில்லை. "முன்னால வர்றவன் தெரியணும்டா" என்று மட்டும் சொன்னேன். துணியை அவனிடம் கொடுக்கத்தான் எடுத்துப் போனேன். கொடுக்க மனசு வராமல் மறுபடியும் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று மத்தியானம் நாகமலைப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். இப்போது மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. தூறலும் போடுகிறது. மருமகள் வாசலில் நின்று முணுமுணுக்கிறாள். என்ன முணுமுணுக்கிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டியதில்லை. அத்தையும் அதையேதான் கேட்டார்கள். எம்புள்ளைக்கு மட்டும் என்று கேட்டார்கள், சாமி கேட்டபடியே கொடுத்தது. அதனால் நான் அப்படிக் கும்பிடுவதில்லை. எங்கேயோ கண்மாய்க்கரையில் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் வந்துகொண்டிருப்பான். முதலில் அவன் வீடு போய்ச் சேரட்டும் சாமி. அப்புறம் என் பிள்ளை வரட்டும்.

விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. இன்னும் வண்டிச் சத்தம் கேட்கவில்லை மாமா.